கேமிங் ஹெட்செட்: 7.1 சரவுண்டா, ஸ்டீரியோவா?

"வாலரண்ட் ஆடுறேன். 7.1 ஹெட்செட் வாங்கினா காலடிச் சத்தம் எந்தப் பக்கம்னு தெரியுமா?" வாலரண்ட் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 7.1 என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நல்ல ஸ்டீரியோ ஹெட்செட் வாங்குங்கள், திசை காட்டும் வேலையை கேமிடமே விட்டுவிடுங்கள். ஏன், எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதுகிறேன். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் சில வரிகள் உண்டு.

படி 1: பெட்டியில் போட்டிருக்கும் 7.1 என்ன என்று பாருங்கள்

ஹோம் தியேட்டரில் 7.1 என்றால் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஹெட்செட்டில் அப்படி இல்லை. காதுக்கு ஒரு டிரைவர் (ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்), ஆக மொத்தம் இரண்டுதான். எட்டு சேனல் ஒலியை இரண்டாகக் கலந்து, சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பதாகக் காதை நம்பவைப்பது மென்பொருள். ஒவ்வொரு காதிலும் ஐந்து டிரைவர் வைத்து ரேசர் டியாமட் 7.1 போன்ற சில மாடல்கள் வந்தன. அந்த வகையை இப்போது கடைகளில் பார்ப்பதே அரிது.

ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 இதற்கு நல்ல உதாரணம். அதனுடன் ஒரு சின்ன யுஎஸ்பி பெட்டி வரும், அதில் 7.1 பொத்தான் இருக்கும். பெட்டியைக் கழற்றிவிட்டு அதே ஹெட்செட்டை 3.5 மி.மீ. ஒலித் துளையில் செருகினால் அது வெறும் ஸ்டீரியோ ஹெட்செட். ஆக, சரவுண்ட் இருப்பது அந்தப் பெட்டியில். காதில் மாட்டுவது ஸ்டீரியோதான்.

படி 2: திசை எங்கிருந்து வருகிறது

இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். ஆனால் இது புரிந்தால்தான் அடுத்த படியில் எதை அணைப்பது என்று தெரியும்.

வலப்பக்கம் எழும் சத்தம் வலது காதுக்குச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் வந்து சேர்கிறது. நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவே மூளைக்குப் போதும். ஆனால் நேர் முன்னால், நேர் பின்னால் இரண்டுக்கும் இந்த வித்தியாசம் ஒன்றேதான். அங்கே உதவுவது காது மடலின் மடிப்புகள். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கேற்ப சில அலைவரிசைகளை அவை கூட்டிக் குறைக்கின்றன. இதை அளந்து கணக்காக்கி ஹெட்போனில் திருப்பிப் போடுவதைத்தான் கேம்களில் ஹெச்ஆர்டிஎஃப் என்ற பெயரில் பார்க்கிறீர்கள். காது ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பலனும் ஆளுக்கு ஆள் மாறும்.

கேமுக்கு எதிரி நிற்கும் இடம் துல்லியமாகத் தெரியும். அந்த இடத்திலிருந்தே கணக்குப் போட்டு இரண்டு காதுக்கும் ஒலியைத் தயாரித்துவிடும். ஹெட்செட் மென்பொருளுக்கு எதிரியைத் தெரியாது, எட்டு சேனல்கள்தான் தெரியும். கேம் ஸ்டீரியோவாக அனுப்பினால் அதன் கைக்கு வருவது இரண்டே சேனல். அதை எட்டாக ஊகித்து மறுபடி இரண்டாக்குகிறது. இல்லாத தகவலை எங்கிருந்து கொண்டுவரும்? எதிரொலியைச் சேர்த்து அறையைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

படி 3: ஒரே ஒரு இடத்தில் மட்டும் சரவுண்ட்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கே.

ஒரு கணினியில் நான்கு இடங்களில் இந்த வேலை நடக்கலாம்: கேமுக்குள், விண்டோஸில், ஹெட்செட் மென்பொருளில், மதர்போர்டுடன் வந்த ஒலி மென்பொருளில். இரண்டு ஒரே நேரத்தில் ஓடினால் ஏற்கெனவே காதுக்கென்று தயாரித்த ஒலியை இன்னொன்று எடுத்து மறுபடி பதப்படுத்தும். விளைவு, எதிரி குளியலறைக்குள் நடப்பது போலக் கேட்கும். காலடிச் சத்தம் இருக்கும், திசை இருக்காது. "சத்தம் நல்லா பெரிசா இருக்கு, ஆனா ஆள் எங்கேனு தெரியல" என்று யாராவது சொன்னால் அநேகமாக இதுதான் காரணம்.

ஒவ்வொன்றாக அணையுங்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் உங்கள் ஹெட்செட் பெயரை அழுத்தினால் கீழே 'ஸ்பேஷியல் சவுண்ட்' இருக்கும். அதை 'ஆஃப்' செய்யுங்கள். விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ், டிடிஎஸ் எல்லாம் இதே பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்து ஹெட்செட் மென்பொருள். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சில மாடல்களில் 7.1 வேலை நடப்பது யுஎஸ்பி பெட்டிக்குள்ளேயே. மென்பொருள் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். பெட்டியின் பொத்தானில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அதே சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று பழைய ஜன்னல் ஒன்று திறக்கும். ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' அழுத்துங்கள். அங்கே 7.1 என்று இருந்தால் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். சில மென்பொருள்கள் போகும்போது இதை மாற்றாமலே போய்விடுகின்றன.

மதர்போர்டு மென்பொருளில் 'சரவுண்ட்', '3டி', 'ஸ்பேஷியல்' என்ற பெயரில் எது தெரிந்தாலும் அணைத்துவிடுங்கள்.

படி 4: கேமுக்குள் போங்கள்

வாலரண்ட்: ஆடியோ பக்கத்தில் ஸ்பீக்கர் அமைப்பை ஸ்டீரியோவில் வைத்து, ஹெச்ஆர்டிஎஃப்-ஐ இயக்குங்கள். இந்த வசதி அறிமுகமானபோது காலடி, ரீலோட், டெத்மேட்சில் மறுபடி உயிர்த்து வரும் சத்தம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் வேலை செய்தது. தேவையும் அதுதானே!

கவுண்டர் ஸ்ட்ரைக் 2: 'எல்/ஆர் ஐசொலேஷன்' என்ற அளவுகோல் இருக்கிறது. கூட்டினால் இடமும் வலமும் நன்றாகப் பிரியும், ஆனால் இயல்பான உணர்வு குறையும். கூட்டிக் குறைத்துக் கேட்டு உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். ஈக்யூவில் (ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசர்) 'கிரிஸ்ப்' என் விருப்பம்.

ஓவர்வாட்ச்: 2016-இல் வந்த முதல் பாகத்திலேயே ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸ் கேமுக்குள் இருந்தது. அதை இயக்கினால் விண்டோஸில் இருப்பதை அணைத்தே ஆக வேண்டும்.

பிஎஸ்5: கன்ட்ரோலரில் சாதாரண 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஹெட்போனைச் செருகினாலே டெம்பெஸ்ட் 3டி ஆடியோ (பிஎஸ்5-இன் சொந்த திசை ஒலி வசதி) கிடைக்கும். ஒலி அமைப்பில் ஐந்து வகை கொடுத்திருப்பார்கள். சத்தம் உங்கள் காது மட்டத்தில் கேட்பதாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, மென்பொருள் போடும் இந்த மெய்நிகர் சரவுண்ட் எதற்குமே உதவாதா? உதவும். ஹெட்போனுக்கென்று தனி வசதி இல்லாமல் 5.1 அல்லது 7.1 ஒலியை மட்டும் ஒழுங்காக அனுப்பும் கதை விளையாட்டுகளுக்கும் படம் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். அப்போதும் விண்டோஸ் சோனிக் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் காசு கொடுத்து டால்பிக்குப் போங்கள்.

படி 5: கண்ணை மூடிச் சோதியுங்கள்

நண்பர் ஒருவரை கஸ்டம் மேட்சுக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் கண்ணை மூடி நில்லுங்கள், அவர் உங்களைச் சுற்றி ஓடட்டும். அவர் நின்றதும் சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் இப்படிச் செய்தால் விளம்பரம் சொல்லாததை உங்கள் காது சொல்லிவிடும்.

முன்னா பின்னா என்று குழம்பினால் மவுஸைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்கள். ஆள் முன்னால் இருந்தால் சத்தம் இடது காதுக்கு நழுவும், பின்னால் இருந்தால் வலது காதுக்கு வரும். ஹெச்ஆர்டிஎஃப் இல்லாத பழைய கேமிலும் இது வேலை செய்யும். இது கைக்குப் பழகிவிட்டால் எந்த 7.1-ஐயும்விட உபயோகம்.

படி 6: எதை வாங்குவது

பட்ஜெட் சின்னதென்றால் மைக்குடன் வரும் ஸ்டீரியோ ஹெட்செட். கொஞ்சம் கூடினால் நல்ல ஹெட்போன் ஒன்றும் தனி மைக் ஒன்றும் என் தேர்வு. மைக் போனாலும் ஹெட்போன் இருக்கும்.

திறந்த முதுகு ஹெட்போனில் (காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாமல் இருக்கும் வகை) ஒலி விரிந்து கேட்கும், திசையும் அழகாகப் பிரியும். ஆனால் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் அறையிலும் பக்கத்தில் குக்கர் விசிலடிக்கும் வீட்டிலும் அது சரிப்படாது. வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வரும். நம் வீடுகளுக்கு மூடிய வகைதான். காதுப் பஞ்சு மட்டும் ரெக்சின் உறையாக இல்லாமல் துணியாக இருக்கட்டும். மே மாதத்தில் ரெக்சினை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஆடிப் பாருங்கள், புரியும்.

வயர்லெஸ் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) உள்ளது மட்டும். புளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும், போதாக்குறைக்கு மைக்கைத் திறந்ததும் பெரும்பாலான மாடல்களில் மொத்த ஒலியும் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும்.

50 மி.மீ. டிரைவர் 40-ஐவிட உயர்ந்தது என்று அர்த்தமில்லை. வண்ண விளக்குக்கும் காசு கொடுக்காதீர்கள். அதைப் பார்க்கப்போவது நீங்கள் இல்லை.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

"லவுட்னஸ் ஈக்வலைசேஷன் போட்டா காலடி பெரிசா கேக்குதே?" கேட்கும். மெல்லிய சத்தத்தை உயர்த்தி, பெரிய சத்தத்தை அமுக்குவதுதான் அதன் வேலை. அதனால் தூரத்தில் இருப்பவனும் பக்கத்தில் இருப்பவனும் ஒரே மாதிரி கேட்பார்கள். நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

"பழைய டெஸ்க்டாப்பில் மைக் வேலை செய்யல." போன் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கோடுகள் இருக்கும், ஒலியும் மைக்கும் அந்த ஒரே பின்னில். டெஸ்க்டாப்பில் பச்சைத் துளை ஒலிக்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு. இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் வாங்கிச் செருகுங்கள். ஒரே துளை உள்ள மடிக்கணினிக்கு இது தேவைப்படாது.

"எல்லாம் செய்தாச்சு, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் வருது." விண்டோஸ் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, ஆடியோ போய் 'மோனோ ஆடியோ' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அணையுங்கள். அதிலும் சரியாகவில்லை, ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கிறீர்கள் என்றால் அதை மாற்றிப் பாருங்கள்.