சிலேன் காலி, கார்பன் டைஆக்சைடு அப்படியே

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஜிசி (கலவையில் எது எவ்வளவு என்று அளக்கும் வாயு நிறவியல்) தாளை நீட்டினாள். "சிலேன் 60 சதவீதம் போயிடுச்சு சார்!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே தாளைத் தூக்கிக்கொண்டு ஒரு காலத்தில் ஓடியவன் நான். எடை சரியாகப் போடு, வால்வை மூடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். சிலேனைக் கார்பன் டைஆக்சைடோடு சேர்க்கும் வினையில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இவை.

சிலேன் குறைந்ததை வெற்றி என்று எண்ணுவது

ஹைட்ரோசிலேன் (சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்புள்ள சேர்மம்; சுருக்கமாகச் சிலேன்) கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்தால் சிலைல் ஃபார்மேட் வரும்; நமக்கு வேண்டியது அதுதான். 1981-லேயே ருத்தேனியம் உலோகத்தை வினையூக்கியாக வைத்துச் செய்துவிட்டார்கள். இப்போது உலோகமே இல்லாமல் ஃபுளோரைடு உப்பாலும் நடத்தலாம். நான் எடுத்தது டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃபுளோரைடு. பாட்டிலில் 'டிரைஹைட்ரேட்' என்று போட்டிருந்தது, அதாவது உப்பு ஒன்றுக்கு மூன்று நீர் மூலக்கூறு; படித்தேன், உறைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 100 மோல் சிலேனுக்கு 10 மோல் உப்பு. அதோடு 30 மோல் தண்ணீரும் உள்ளே போகிறது. ஒரு நீர் மூலக்கூறு இரண்டு சிலேனை விழுங்கி, டைசிலாக்சேன் என்ற பக்கப்பொருளையும் ஹைட்ரஜன் வாயுவையும் தரும். ஆக 60 மோல் சிலேன் காலி. கார்பன் டைஆக்சைடை யாரும் தொடவேயில்லை!

கார்பன் டைஆக்சைடு வினைபுரிந்திருந்தால் அழுத்தமானி இறங்கியிருக்க வேண்டும். என்னுடையது அந்த ஹைட்ரஜனால் ஏறியது. 'சூடு ஏறியிருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதமும் நான் எடுத்த சிலேனான டைமெத்தில்பீனைல்சிலேன் ஒரு பாட்டிலும் போன பிறகு, வழிகாட்டி கேட்டார்: "ஆர்கான்ல ஓட்டிப் பாத்தியாப்பா?" அன்றிரவே கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் வினைபுரியாத ஆர்கான் வாயுவில் ஓட்டினேன். அதே 60.

இன்றைக்கும் கடுப்பாகிறது. ஆர்கான் ஓட்டம்தான் முதல் நாள் வேலை. பிறகு புரோட்டான் என்எம்ஆரில் (ஹைட்ரஜன் அணுக்களைக் காட்டும் காந்த நிறமாலை) 8.1 பிபிஎம் என்ற இடத்தின் பக்கம் ஃபார்மேட் முகடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மட்டும் இனிப்பு வாங்கலாம். அந்த ஃபார்மேட்டைச் சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் ஏற்றிவிடாதீர்கள், சிதைந்துவிடும்.

உலர்பனி

கார்பன் டைஆக்சைடுக்காக இந்தத் திண்மக் கட்டியை எடுத்தால், மேலே படியும் வெள்ளைத்தூள் காற்றின் ஈரம். மறுபடியும் தண்ணீர்.

'பசுமை' என்று தலைப்பில் போடுவது

சிலிக்கான் எங்கிருந்து வந்தது? மணலைக் கரியோடு வில் உலையில் ஒடுக்கி எடுத்தது. ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு கார்பன் மோனாக்சைடு கிளம்பும். எரிந்தால் அது கார்பன் டைஆக்சைடு. உங்கள் ஃபார்மேட் பிடித்து வைப்பது ஒன்றை. கழித்துப் பார்த்துவிட்டுத் தலைப்பு எழுதுங்கள்.

என்எம்ஆரில் 0.07 பிபிஎம் முகடு

உங்கள் விளைபொருள் இல்லை. கண்ணாடிக் கருவியின் மூட்டில் தடவிய சிலிக்கோன் கிரீஸ்.

டிரைஎத்தாக்சிசிலேனில் ஃபுளோரைடோ காரமோ

காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் சிலேன் வாயு (SiH₄) வரலாம். ஆளில்லாத நேரத்தில் தொடவே வேண்டாம்.