பாஸ்போர்ட்டை வாங்கிப் போகாதீர்கள்: தாயகம் திரும்பியோர் நினைவுகளைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் வீடுகளில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வரும். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கல்யாண போட்டோ. இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த இந்த மக்களில் 9.75 லட்சம் பேரைப் பங்கு போட்டது: 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1.5 லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. (1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.) அதற்கெல்லாம் வீட்டில் மிஞ்சிய சாட்சி இந்தப் பைதான்.

"ஸ்கேன் பண்ணிவிட்டுத் தருகிறேன்" என்று அசலை எடுத்துப் போவதுதான் பெரிய தவறு. சாதிச் சான்று, பேரப்பிள்ளையின் படிப்பு என்று எதற்கு அலைந்தாலும் அலுவலகத்தில் கேட்கக்கூடிய காகிதம் அது. அந்த வீட்டு வாசலிலேயே, நிழல் விழாத வெளிச்சத்தில் படமெடுங்கள். முகம் இருக்கும் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் பெயர் எழுதிய பக்கம், முத்திரைகள், ஓரத்துப் பென்சில் கிறுக்கல் எல்லாம் வேண்டும். போட்டோவின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஊர் பெயர் இருக்கலாம்.

அடுத்தது, சங்கத் தலைவரைப் பேட்டி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பதில் அவரிடமிருந்துதான் வரும். வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, கேட்பவரும் ஒரு பெண்ணாக இருந்தால் பேச்சு தானாக நீளும். கலவரத்தையும் கப்பலையும் மட்டும் கேட்டுக் குடையாதீர்கள். மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் யார் ரதி வேஷம் கட்டினார், கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் முதல் நாள் என்ன சமைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்குவதும் சரியில்லை. குடும்பம் மட்டும் பார்க்கலாமா, ஆய்வாளர் பார்க்கலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்றைக்குச் சரி என்றவர் நாளைக்கு எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். பொதுவில் வைக்கும் படத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாகுமென்டாக அனுப்புங்கள். அந்த வீட்டுக்கு ஒரு பிரதியை பிரிண்ட் போட்டே கொடுங்கள். பென்டிரைவ் கொடுத்தால் அதைத் திறக்க அங்கே கம்ப்யூட்டர் இருக்க வேண்டுமே!