கர்ப்பகாலத்தில் ரத்தக் கொழுப்பு அறிக்கையையும் கல்லீரல் கொழுப்பையும் கையாள்வது எப்படி

கர்ப்பிணியின் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ரால் 260 என்றும் ட்ரைகிளிசரைடு 240 என்றும் தடித்த எழுத்தில் அச்சாகி வந்தால் வீடே பதறிப்போகிறது. அதே தாளின் மறுபக்கத்தில் எஸ்ஜிபிடி 68 என்று இருப்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. கவலைப்பட வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது. கர்ப்பம் ரத்தக் கொழுப்பைத் தானாகவே உயர்த்தும்; ஆனால் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ஆகிய கல்லீரல் நொதிகளை உயர்த்தாது. ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்களும், கர்ப்பத்தில்தான் முதன்முதலாக அதைக் கேள்விப்படுபவர்களும் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் ஐந்தாறு மாதங்களில் தாயின் உடல் கொழுப்பைச் சேமிக்கிறது. அதன் பிறகு நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துவதால், சேமித்த கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. தாய் கொழுப்பை எரித்துக்கொள்ள, குளுக்கோஸ் குழந்தைக்கு மிச்சமாகிறது. நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோனைத் தயாரிக்கவும் தாயின் கொலஸ்ட்ராலே மூலப்பொருள். ஆகவே கடைசி மூன்று மாதங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுவதும், ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்காவதும் இயல்பே. ஆய்வகம் அச்சிட்டுத் தரும் 200, 150 என்ற எல்லைகள் கர்ப்பமில்லாதவர்களுக்கானவை. அவற்றை வைத்து எட்டாம் மாத அறிக்கையை மதிப்பிடக் கூடாது.

இதனாலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை தேவையில்லை என்பது என் கருத்து. முன்பே ட்ரைகிளிசரைடு அதிகமிருந்தவர்கள், கல்லீரல் கொழுப்பு, சர்க்கரை நோய், சினைப்பை நீர்க்கட்டி, உடல் பருமன் உள்ளவர்கள், குடும்பத்தில் கணைய அழற்சி வந்தவர்கள் ஆகியோர் முதல் பதிவின்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் எண்தான் பின்னர் ஒப்பிடுவதற்கு உதவும். கூடவே தைராய்டு பரிசோதனையும் இருக்கட்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் ரத்தக் கொழுப்பு ஏறும்.

பரிசோதனைக்காகப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கர்ப்பிணி நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் விரைவில் பெருகும். சாதாரணமாகச் சாப்பிட்ட நிலையிலேயே ரத்தம் கொடுக்கலாம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும், இரவு உணவுக்குப் பின் எட்டு முதல் பத்து மணி நேரம் கழித்துக் காலையில் முதல் ஆளாகச் சென்று மறுபடி கொடுங்கள். அந்த அளவுக்கு மேல், வழக்கமான கணக்கீட்டில் வரும் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) எண்ணை நம்ப முடியாது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமானால், சுழற்றிப் பிரித்த சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இல்லாமல் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். ஆய்வகத்தில் அதை ‘லிப்பீமிக்’ என்று குறிப்பார்கள். அப்படிக் குறித்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். அத்தகைய மாதிரியில் சோடியம் குறைவாகவும் ஹீமோகுளோபின் அதிகமாகவும் பொய்யாகத் தெரியக்கூடும்.

சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருப்பவர்களின் அறிக்கையில் எண்கள் மில்லிமோல் அளவில் இருக்கும். ட்ரைகிளிசரைடை 88.6-ஆலும் கொலஸ்ட்ராலை 38.7-ஆலும் பெருக்கினால் இங்குள்ள மில்லிகிராம் கணக்கு கிடைக்கும்.

கடைசி மாதங்களில் ட்ரைகிளிசரைடு 300-க்குள் இருந்தால் பொதுவாக அமைதியாக இருக்கலாம். 500-ஐத் தாண்டினால் உணவை மாற்றி, அடிக்கடி அளந்து, நிபுணரைப் பார்க்க வேண்டும். 1000-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரக்கூடும் என்பதால் அது மருத்துவமனை பார்க்க வேண்டிய விஷயம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை ஊடுருவும் வலியும் ஓயாத வாந்தியும் வந்தால், அதை வாயுத் தொல்லை என்று எண்ணிப் பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கல்லீரல் அறிக்கையைப் படிக்கும் முறை

இந்தத் தாளில் இரண்டு எண்கள் வீணாகப் பயமுறுத்தும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கடைசி மாதங்களில் இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேலும் உயரும். அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் அல்புமின் என்ற புரதம் குறையும். இவை இரண்டும் தனியாக மாறியிருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் வேறு வகை. கர்ப்பத்தில் அவை மாறாமல் இருக்கும் அல்லது சற்றுக் குறையும். ஆகவே ஆய்வக எல்லையைத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். ‘உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஃபேட்டி லிவர் இருக்கிறதே’ என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் மற்றவற்றை விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். முதல் மூன்று மாதங்களில் கடுமையான மசக்கை வாந்தியே நொதிகளை ஏற்றிவிடும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். மாசுபட்ட குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் இ நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் சமரசம் வேண்டாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிப்பு எதுவுமின்றி, இரவில் தூங்கவிடாத அரிப்பு இருந்தால் பித்த அமிலப் பரிசோதனையைக் கேளுங்கள். பித்த அமிலம் 100 மைக்ரோமோலை எட்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுவதால் பிரசவ நாளையே முன்னுக்குக் கொண்டுவருவார்கள்.

ஸ்கேனில் சொல்லப்படும் ‘கிரேடு 1, 2, 3’ என்பது ஈரல் எவ்வளவு வெண்மையாகத் தெரிகிறது என்ற கண் மதிப்பீடுதான். அல்ட்ராசவுண்ட் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. ஆனால் கொழுப்பு குறைவாக இருந்தால் அதற்குத் தெரியாமலும் போகும். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் கடைசி மாதங்களில் அந்த இறுக்கம் தானே ஏறிப் பின் இறங்குகிறது.

சாதாரண ஈரல் கொழுப்பு, கர்ப்பத்தை உடனடியாகக் கெடுப்பதில்லை. ஆனால் அது உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம் ஆகியவை கூடுதலாக வருகின்றன. எனவே உண்மையான கண்காணிப்பு ஈரலைவிடச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமே தேவைப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. உங்களுக்கு இதை முதல் பதிவிலேயே செய்யச் சொல்லுங்கள். அப்போது இயல்பாக இருந்தாலும் 24-28 வாரங்களில் மறுபடி செய்ய வேண்டும். ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகமிருந்தால், 12 முதல் 16 வாரங்களுக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

உணவும் மருந்தும்

ட்ரைகிளிசரைடு என்றதும் எண்ணெயைத்தான் நினைக்கிறோம். ஆனால் அதை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் வெள்ளை அரிசிக்கும் பெரும் பங்குண்டு. காலையில் இட்லி, பதினோரு மணிக்குப் பழச்சாறு, மதியம் தட்டு நிறையச் சோறு, மாலையில் சர்க்கரை போட்ட சத்துமாவுப் பால், இரவில் தோசை என்று ஓடும் நாளில் கெடுதல் என்று சொல்லும்படி ஒரு பொருளும் கண்ணில் படாது. ஆனால் நாள் முழுவதும் மாவுச்சத்துதான். சோற்றைத் தட்டில் கால் பங்காக்கி, பாதியைப் பொரியல், கூட்டு, கீரைக்கும் மீதியைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீனுக்கும் கொடுங்கள். பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்னுங்கள். மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு முறை குழம்பாக இருக்கலாம். பாதரசம் சேரும் சுறா போன்ற பெரிய மீன்கள் வேண்டாம். ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் போனவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும்: நெய், தேங்காய், நல்லெண்ணெய் உட்பட மொத்தக் கொழுப்பையும் உணவியல் நிபுணரின் கணக்குப்படி வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

கர்ப்பத்தில் எடை குறைக்க முயலக் கூடாது. ஏறும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். உடல் நிறைக் குறியீடு 25 முதல் 30 வரை உள்ளவர்கள் மொத்தம் 7 முதல் 11.5 கிலோவும், 30-க்கு மேல் உள்ளவர்கள் 5 முதல் 9 கிலோவும் கூடினால் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மருத்துவர் தடுக்காதவரை வாரத்துக்கு 150 நிமிட நடை ஈரலுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து உதவும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைக் கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலோர் நிறுத்திவிட வேண்டும். தெரியாமல் சில வாரங்கள் சாப்பிட்டுவிட்டால் அதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்க நினைக்க வேண்டாம். மிக உயர்ந்த அபாயமுள்ள சிலரின் நிலையைக் கருதி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021-இல் தன் முழுத் தடை எச்சரிக்கையை நீக்கச் சொன்னது. எடை குறைக்கும் செமாகுளுடைடைக் கருத்தரிக்கும் முன் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே விட்டிருக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு அபாய அளவை எட்டினால் ஒமேகா-3, இன்சுலின், தேவைப்பட்டால் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் மருந்து ஆகியவற்றை நிபுணர் தீர்மானிப்பார். ‘லிவர் டானிக்’ எதுவும் தேவையில்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் திடீரென வரும் கடும் கல்லீரல் கொழுப்பு நோய் ஒன்று உண்டு. அது மேற்சொன்ன சாதாரணக் கொழுப்பு முற்றி வருவதல்ல. முற்றிலும் வேறு நோய். ஏறத்தாழப் பத்தாயிரம் பிரசவங்களில் ஒன்றில் வரும் அரிய நோய் என்றாலும், ஓரிரு நாட்களில் ஈரலைச் செயலிழக்கச் செய்துவிடும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி, மேல்வயிற்று வலி, அடங்காத தாகம், கண்ணில் மஞ்சள், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா, ரத்தம் உறைகிறதா என்பதை அங்கே உடனே பார்ப்பார்கள். இதற்குச் சிகிச்சை, தாயின் நிலையைச் சீராக்கிக்கொண்டே தாமதமின்றிப் பிரசவத்தை முடிப்பதுதான். வலது விலாவுக்குக் கீழே வலி, தலைவலி, பார்வை மங்கல், 140/90-க்கு மேல் அழுத்தம், ஒரு லட்சத்துக்குக் கீழே பிளேட்லெட் ஆகியவை சேர்ந்தாலும் அதே அவசரம்தான். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. கர்ப்பிணிக்கு அந்த இரண்டு நாள் தாமதமே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்தில் கல்லீரல் நொதிகளையும், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனையையும், மூன்று மாதம் கழித்துக் கொழுப்பையும் பாருங்கள். அப்போதும் உயர்ந்திருந்தால் அது கர்ப்பத்தின் கணக்கில் சேராது. தாய்ப்பால் கொடுப்பது ட்ரைகிளிசரைடை இறக்க உதவும். பத்தியச் சாப்பாட்டில் நெய்யும் வெல்லமும் சேர்ந்த லேகியத்தை வீட்டுப் பெரியவர்களின் மனம் நோகாமல் ஒரு சுண்டைக்காயளவாகக் குறைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அரிய கடும் நோய் வந்து மீண்டவர்களாயின், கொழுப்பு அமிலத்தை எரிக்கும் நொதி குழந்தைக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கிறதா என்ற பரிசோதனையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அத்தகைய குழந்தை நீண்ட நேரம் பசியோடு இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும் என்பதால், இதை வீடு திரும்பும் முன்பே கேட்டுவிட வேண்டும்.