பாண்டியிலிருந்து பிரான்சில் தொழில் தொடங்க: எந்த வேலையை முதலில் செய்வது?

“லா ஷப்பேல்ல ஒரு கடையைப் போட்டுட்டா போதும், மச்சான் பாத்துப்பான்” என்று, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லாதவர் பாண்டியில் குறைவு. மச்சான் வாடகைக்கு இடம் பிடித்துத் தரலாம், விசா வாங்கித் தர முடியாது. கன்சல்டன்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்களே செய்யவேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வீட்டு பீரோவைத் திறங்கள்

தாத்தா சொல்தாவா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவரா? 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டியைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலானபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. உங்கள் குடும்பத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால், உங்களுக்கும் அந்தக் குடியுரிமை உண்டா என்ற கேள்வியை இங்குள்ள பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

2. எந்த வகை அட்டை என்று முடிவு செய்யுங்கள்

புதிதாகக் கம்பெனி தொடங்குபவருக்கு ‘தாலான்’ (Talent) என்ற பிரெஞ்சுக் குடியிருப்பு அட்டையில் ஒரு பிரிவு உண்டு. குறைந்தது 30,000 யூரோ முதலீடு, மாஸ்டர்ஸ் அளவுப் படிப்பு அல்லது அதற்கு ஈடான 5 வருட அனுபவம், பிரான்சின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத வருமான ஆதாரம், இவ்வளவும் வேண்டும். அட்டை 4 வருடம் வரை கிடைக்கும், மனைவி அல்லது கணவரும் வேலை செய்யலாம். முதலீடு அவ்வளவு இல்லாதவர்களுக்குச் சுயதொழில் அட்டை இருக்கிறது, ஆனால் அது ஒரு வருடத்துக்குத்தான்.

அனுபவம் என்றால் வாய்ச்சொல் இல்லை. காந்தி வீதியில் பத்து வருஷம் கடை நடத்தியிருந்தாலும் ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கல், டிரேட் லைசென்ஸ் இல்லாவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிகிரியில் இனிஷியல் மட்டும் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். பழைய பிறப்புச் சான்றில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்து, பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கும். பிரெஞ்சு அலுவலகத்துக்கு இவர்கள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள். நகராட்சியில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்று வாங்குங்கள். பிறகு அப்போஸ்டில் (சான்று வெளிநாட்டில் செல்லும் என்று நம் அரசு போடும் முத்திரை), அதன் பிறகு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர். இந்த வரிசை மாறினால் மொழிபெயர்ப்புக்கு இரண்டாவது தடவை பணம் கட்டவேண்டியிருக்கும்.

4. பணம் வந்த வழி

30,000 யூரோ என்பது முப்பது லட்சத்தைத் தொடும். வில்லியனூர்ப் பக்கம் மனையை விற்று எடுக்கலாம் என்பது பலருடைய கணக்கு. பத்திரத்தில் அரசு வைத்த கைடுலைன் மதிப்பை மட்டும் எழுதிவிட்டு மீதியைக் கையில் வாங்கினால், அந்த மீதி உங்களுக்கு உதவாது, ஏனென்றால் பேங்க் வழியாகப் போகாத பணத்துக்குக் கணக்குக் காட்ட முடியாது. உண்டியல் (ஹவாலா) பக்கம் போகவே வேண்டாம்.

தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20% டிசிஎஸ் (பேங்க் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு போடுவதை ‘குடும்பச் செலவு’ என்று எழுதி அனுப்பாதீர்கள். அது வெளிநாட்டு நேரடி முதலீடு, அதற்கான எஃப்சி (FC) படிவத்தை பேங்க் மூலம் கொடுக்கவேண்டும். ஃபாரெக்ஸ் பிரிவு இருக்கிற கிளைக்கே போங்கள், சின்னக் கிளைகளில் முழிப்பார்கள்.

5. திட்ட அறிக்கை

பிரெஞ்சில், மூன்று வருட வரவுசெலவோடு. ‘பாரிசில் நல்ல தோசை கிடைப்பதில்லை’ என்று எழுதினால் சிரிப்பார்கள், லா ஷப்பேலை ஒட்டிய கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் தோசைக் கடைக்கா பஞ்சம்? எந்த ஊர், எந்தத் தெரு, வாடகை என்ன, பக்கத்தில் யார் போட்டி என்று எழுதுங்கள். உணவகம் என்றால் 14 மணி நேரச் சுகாதாரப் பயிற்சியையும் செலவில் சேருங்கள். பாரிசை விட்டு வெளியே போனால் வாடகை குறையும், அது பலருக்குத் தோன்றுவதில்லை. பிரெஞ்சு படிக்க இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் மொழிப்பள்ளி இருக்கிறது. விசாவுக்காக இல்லாவிட்டாலும் அங்கே கணக்காளரோடு பேசவாவது வேண்டும்.

6. விண்ணப்பம், பிறகு இறங்கிய உடனே

பிரான்ஸ்-விசா தளத்தில் படிவம், நேரம் குறித்துக் கைரேகை, நீண்டகால விசாக் கட்டணம் 99 யூரோ. விசா கிடைத்துப் போனதும் இரண்டு மாதத்துக்குள் பிரெஃபெக்சரில் (மாவட்ட அரசு அலுவலகம்) தாலான் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கம்பெனிப் பதிவு 2023 முதல் ஐஎன்பிஐ (INPI) என்ற பிரெஞ்சு அரசு அமைப்பு நடத்தும் ஒரே இணையதளத்தில்தான் நடக்கிறது.