மனசு இருந்தால் போதுமா? சபை வேலையில் நாம் செய்கிற தவறுகள்

பெந்தெகொஸ்தே ஞாயிறு. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம் வாசிக்க வேண்டும். ஆராதனை தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாலிபர் ஒருவரைப் பிடித்து, "தம்பி, இன்னைக்கு ரெண்டாம் பாடம் நீ வாசிச்சிரு" என்கிறார்கள். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். எட்டு வசனம் நன்றாகவே போகிறது. ஒன்பதாவதில் பர்த்தரும் மேதரும் ஏலாமீத்தரும் வந்து நிற்கிறார்கள். தொடர்ந்து மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா, பிரிகியா, பம்பிலியா. குரல் இறங்குகிறது, விரல் வரிமேல் தடவுகிறது, இரண்டு ஊரை விழுங்கிவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுகிறார்.

அந்தப் பகுதியின் அழகே, பரிசுத்த ஆவியால் நிறைந்த சீஷர்கள் பேசினதை இத்தனை ஊர்க்காரர்களும் அவரவர் சொந்தப் பாஷையில் கேட்டார்கள் என்பதுதான். ஊர்ப்பெயர் விழுந்துபோனால் அதிசயமும் பாதி விழுந்துபோகிறது. ஆனால் ஆராதனை முடிந்ததும் அவர் தோளில் தட்டி எல்லாரும் சொன்னது இதுதான்: "பரவாயில்லப்பா, மனசுதான முக்கியம்."

பல வருஷமாகச் சபை வேலைகளில் இருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளி என்கிற பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு, காணிக்கை எண்ணுவது, பண்டிகைப் பந்தி என்று எதையாவது செய்துகொண்டே இருந்திருக்கிறேன். நாங்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் ஆரம்பித்திருக்கின்றன. சம்பளம் வாங்காமல் செய்கிறோம், ஆகவே எப்படிச் செய்தாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். ஆதித் திருச்சபை அப்படி நினைக்கவில்லை. எருசலேமில் பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தேடினார்கள். சாப்பாடு பரிமாறுகிற வேலைதான். அதற்கே நற்சாட்சியும் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். ஆர்வம் மட்டும் போதுமென்றால் கை தூக்கினவர்களையே அனுப்பியிருக்கலாமே.

பாடம் வாசிப்பவர்களுக்குக் குறைந்தது புதன்கிழமையாவது பகுதியைச் சொல்லிவிட வேண்டும். வாசிக்கிறவர் அதை வீட்டில் மூன்று தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்துப் பார்ப்பது எதற்கும் உதவாது, நாக்கு எங்கே தடுக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. கஷ்டமான பெயரைப் பென்சிலால் பிரித்து எழுதிக்கொள்ளலாம். பாடகர் குழுவுக்கும் இதே கதைதான். சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்கு வராதவர் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று உதடு அசைப்பதும், கீபோர்டு வாசிப்பவருக்கு ஆராதனை நடுவில் பாமாலைப் பாட்டு எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இது சோம்பல்தான், வேறு பெயர் வேண்டாம்.

தயாரிப்பில்லாமல் வருவதைவிட எனக்கு அதிகமாக வலிக்கிற தவறு ஒன்று உண்டு. அது நான் செய்தது.

ஓய்வுநாள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 23ஆம் சங்கீதத்தை மனப்பாடம் பண்ணி வரச் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு உறவினர் வீட்டு விசேஷம். போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு வாரம்தானே, பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துக்கொள்வார்" என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் என் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பாட்டு சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு சிறுமி ஆறு வசனத்தையும் தவறில்லாமல் படித்து வந்திருந்தாள். ஒவ்வொரு ராத்திரியும் பாத்திரம் கழுவும்போது அம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் படித்தாளாம். அன்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. மறுவாரம் நான் கேட்டபோது, "மறந்துட்டேன் டீச்சர்" என்றாள். மறக்கவில்லை என்று அவள் முகமே சொன்னது. அதற்கப்புறம் நான் கொடுத்த மனப்பாடம் எதையும் அவள் ஆசையாகப் படித்து வரவில்லை.

வர முடியாமல் போவது தவறே இல்லை. காய்ச்சல் வரும், வேலை வரும், வீட்டில் ஆயிரம் இருக்கும். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தவறு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போன், யார் வகுப்பை எடுப்பார், என்ன பாடம், யாரிடம் மனப்பாடம் கேட்க வேண்டும் என்று நாலு வரி. அவ்வளவுதான். ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரத்தில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினபோது, வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்ந்த நாள். அந்த ஒரு நாளுக்காக அவர் ஆசிரியர்களுக்குக் கூலியே கொடுத்தார். இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். கூலி நின்றது, பிள்ளையின் ஞாயிறு அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து, ஒப்புக்கொள்ளும் விதம். நம்மவர்களுக்கு "முடியாது" என்று சொல்ல வராது. சபைப் போதகரான ஐயர் நேரில் கேட்டால் யாருக்கு வாய் வரும்? "ஜெபத்துல வச்சுக்கிறேன் ஐயரே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கேட்டவர் அதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறார், சொன்னவர் இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார். விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கும் காலையில் வகுப்பில் ஆள் இருக்காது. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, வீட்டில் பேசிவிட்டு, தெளிவாக ஒரு பதில் சொல்வதுதான் மரியாதை. "இந்த வருஷம் முடியாதுங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

இதற்கு நேர் எதிராக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பாடகர் குழு, கமிட்டி, வாலிபர் சங்கம், கல்லறைத் தோட்டக் கணக்கு எல்லாம் ஒருவர் தலையில். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். மோசே மட்டும் தொய்ந்துபோவார் என்று அவர் சொல்லவில்லை, கூட இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஒருவருக்காக நாற்பது பேர் காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

பணத்துக்கு வருவோம். சபைகள் உடைவதை நான் பார்த்தவரையில், யாரோ திருடினதால் உடைந்ததைவிட, திருடாத ஒருவரைச் சந்தேகப்பட்டதால் உடைந்ததுதான் அதிகம். அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது அவருடைய நல்ல மனசுதான். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்களே என்று தனியாக உட்கார்ந்து காணிக்கையை எண்ணியிருப்பார். பூக்காரருக்குக் கொடுக்க வேண்டிய முந்நூறு ரூபாயைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் நோட்டில் எழுதியிருப்பார். பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற பணத்தை, "என் நம்பருக்கே ஜிபே பண்ணிருங்க" என்று சொல்லியிருப்பார். அவர் கணக்கில் சொந்தப் பணமும் சபைப் பணமும் கலந்துவிட்ட பிறகு, எது எது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அன்றைய காணிக்கையை அன்றே, ஆலயத்துக்குள்ளேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது சேர்ந்து எண்ண வேண்டும். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வந்தது முழுவதும் முதலில் வரவில் ஏற வேண்டும். பூவோ எண்ணெயோ, செலவு தனி வவுச்சரில். மறுநாள் வங்கி. கவரில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது எண்ணினவர்களோடு முடிந்துவிட வேண்டும், மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. "என்னை நம்ப மாட்டீங்களா?" என்று கோபப்படுகிறவர்களுக்குப் பவுலைத்தான் காட்டுவேன். எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்கான தர்மப்பணத்தை அவர் தனியாகக் கையாளவில்லை, தன் உடன்வேலையாளான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று காரணத்தையும் எழுதிவைத்தார்.

பிள்ளைகள் விஷயத்தில் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக ஒன்று. எந்தப் பெரியவரும், அவர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்தாலும், ஒரு பிள்ளையோடு மூடின கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், வகுப்புக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் "சபை மானம்" என்று மூடி மறைப்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. அதை ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இனி அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்களில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால், எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற இந்த அசன விருந்து இல்லாமல் முடியாது. முந்தின ராத்திரி முழுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வரும். ஒரு பக்கம் கறி வெட்டு, இன்னொரு பக்கம் அண்டாவுக்கு அடுப்புக் கூட்டுவது. ஊரே வரும், வேறு மார்க்கத்தாரும் வருவார்கள். சபை வேலைகளிலேயே எனக்குப் பிரியமானது இதுதான். மனசு நோகிற தவறுகள் நடப்பதும் இங்கேதான்.

முதல் பந்தியில் கமிட்டிக்காரர் வீட்டார் உட்கார்ந்தால் இலைக்கு நாலு துண்டு கறி விழும். நாலாவது பந்தியில், தெற்குத் தெருவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் நின்ற பாட்டிக்கு வெறும் குழம்பு. பரிமாறுகிறவர் வேண்டுமென்று செய்வதில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கரண்டி தானாக ஆழமாக இறங்குகிறது. எருசலேமில் முறுமுறுப்பு வந்ததும் இதே பந்தியில்தானே? தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க பாஷை பேசின விசுவாசிகள் வருத்தப்பட்டார்கள். ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே அதனால்தான்.

எங்கள் சபையில் ஒரு அண்ணாச்சி இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பந்திக்கும் எவ்வளவு கறி என்று சமையல்காரரோடு பேசி, அண்டாவிலிருந்து முன்னாலேயே தனித்தனி வாளியில் பிரித்து மூடி வைத்துவிடுவார். முதல் பந்திக்காரர் யாராக இருந்தாலும் அந்த வாளிக்கு மேல் கிடையாது. வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவரே உட்கார்ந்துகொள்வார். பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம். கடைசிவரை கறி மிஞ்சுகிறதா என்று எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருப்பார்கள்.

டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போதும் இதைப் பார்க்கலாம். காப்பியும் கேக்கும் கிடைக்கிற வீடுகளில் மூன்று பாட்டு, ஊர்க் கடைசியில் இருக்கிற ஓட்டு வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்று, "நாளைக்குப் பார்த்துக்கலாம்". நாளைக்கு யாரும் போக மாட்டார்கள். அந்த வீட்டுக்காரம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, கடைசித் தெருவிலிருந்து தொடங்கினால் போதும்.

கைப்பிடி அரிசி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிற இந்தப் பழக்கத்தை மிசோரமில் பெண்கள் 1910இல் தொடங்கினார்கள், அது இன்றும் அங்கே திருச்சபைக்குப் பெரிய வருமானம். அது நடப்பதற்குக் காரணம், வாங்க வருகிறவர்கள் தவறாமல் வருவதுதான். மூன்று வாரம் போகாமல் இருந்தால் டப்பாவில் வண்டு விழும். அப்புறம் அந்த வீட்டில் யாரும் பிடி அரிசி எடுத்து வைக்க மாட்டார்கள்.

கடைசியாக, விட்டுக்கொடுக்க மனம் வராத தவறு. நன்றாகச் செய்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். எங்கள் சபையில், ஆராதனையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து மேசையை ஆயத்தம் பண்ணுகிற அம்மா ஒருவர் இருந்தார். வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இருக்காது, பாத்திரத்தில் ஒரு விரல்தடம் இருக்காது. வேறு யாரும் தொட விடமாட்டார். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். அந்த மாதம் திருவிருந்தில் அப்பம் பாதி வரிசைக்குள் தீர்ந்துபோனது, எத்தனை பேருக்கு எவ்வளவு என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கால் சரியானதும் அவரே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். சாதாரண ஞாயிறு எவ்வளவு, பண்டிகை ஞாயிறு எவ்வளவு, துணியை எந்தப் பக்கமாக மடிக்க வேண்டும் என்றெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுத வைத்தார். நாலு மாதம் கூடவே நின்றார். ஐந்தாவது மாதம் அந்தப் பெண் தனியாக மேசை விரித்தாள். துணி ஒரு ஓரத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்த அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. முதல் பாட்டு தொடங்கியதும் பாமாலையைத் திறந்துகொண்டார்.