சுற்றிக்கொண்டிருக்கும் வானிலைச் செயற்கைக்கோளில் புது மென்பொருளைச் சோதிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இன்சாட்-3டிஆர் போன்ற வானிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்திலிருந்து பூமியைப் பார்க்கிறது. அதன் நோக்குநிலை, அதாவது அது எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பது, நூறில் ஒரு பாகை பிசகினாலே தரையில் சுமார் 6 கி.மீ. விலகிவிடும். அரை மணி இடைவெளியில் எடுத்த படங்களில் மேகம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மேல்காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு படத்தில் மட்டும் அந்தப் பிசகு இருந்து, கடற்கரைகளோடு பொருத்தித் திருத்தாமலும் விட்டால், அசையாத மேகம்கூட மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடுவதாகத் தெரியும். நோக்குநிலைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் கை வைப்பவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் கை வைக்காமல் இருக்க முடியாது. சுழற்சியை அளக்கும் ஜைரோ தேயும், தாம் சுழன்று செயற்கைக்கோளைத் திருப்பும் சக்கரங்களில் உராய்வு கூடும், மென்பொருளை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பலரும் செய்யும் தவறு, புதியதை ஏற்றியவுடன் அதன் கையிலேயே சக்கரங்களைக் கொடுத்துவிடுவது. முதலில் அது பழையதோடு கூடவே ஓடட்டும். கணக்கு மட்டும் போடட்டும், விடை டெலிமெட்ரியில், அதாவது தரைக்கு வரும் தகவலில், இறங்கட்டும். இரண்டு விடைகளும் எங்கே பிரிகின்றன என்று சில நாள் பார்த்த பிறகு பொறுப்பைக் கொடுக்கலாம். அப்போதும், தரையிலிருந்து ‘தொடரலாம்’ என்ற கமாண்ட் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் தானாகவே பழையதற்குத் திரும்பும்படி கடிகாரம் வைத்திருக்க வேண்டும்.

நிரலை மட்டும் சோதித்துவிட்டு, அதோடு போகும் எண்களைச் சோதிக்காமல் விடுவதுதான் என் பார்வையில் மிகக் கொடிய தவறு. ஜப்பானின் ஹிட்டோமி வானிலைச் செயற்கைக்கோள் அல்ல, எக்ஸ்-ரே விண்நோக்கி. ஆனால் இந்தத் துறையில் உள்ள எவரும் அதன் கதையைப் படிக்காமல் இருக்கக் கூடாது. 2016 பிப்ரவரி 17-ல் ஏவப்பட்டது. அதன் நீளும் தண்டு விரிந்ததும் எடைப் பரவல் மாறியது. அதற்கேற்ப, கோளைத் திருப்பும் சிறு உந்திகளான த்ரஸ்டர்களுக்கான எண்களைத் திருத்தி அனுப்பினார்கள். அந்த எண்கள் தவறானவை. சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். த்ரஸ்டர் தேவைப்படாததால் தவறு வாரக்கணக்கில் வெளியே தெரியவில்லை.

மார்ச் 26-ல், அசையாமல் நின்றிருந்த கோள் மணிக்கு சுமார் 21.7 பாகை சுழல்வதாக அதன் மென்பொருள் முடிவு செய்தது. விண்மீன்களைப் பார்த்துத் திசை அறியும் ஸ்டார் டிராக்கர் சொன்ன உண்மையைப் பொருந்தாத தகவல் என்று ஒதுக்கியது. இல்லாத சுழற்சியை நிறுத்தச் சக்கரங்களைச் சுழற்றியதில் கோள் உண்மையாகவே சுழலத் தொடங்கியது. கடைசியில், கோளாறு வந்தால் கோளைக் காப்பாற்றத் தானாக இயங்கும் சேஃப் மோட் த்ரஸ்டர்களைக் கூப்பிட, அந்தத் தவறான எண்கள் சுழற்சியை மேலும் கூட்டின. கோள் உடைந்து சிதறியது.

நோக்குநிலை பற்றி மென்பொருள் போடும் மதிப்பீட்டை அந்த மதிப்பீட்டைக் கொண்டே சரிபார்க்கக் கூடாது என்ற பாடமும் இதில் இருக்கிறது. சூரிய சென்சரும் சூரியத் தகட்டில் வரும் மின்னோட்டமும் தனிச் சாட்சிகள். வானிலைக் கோளுக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு: அதன் படமே சாட்சி. கடற்கரைக் கோடு வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் பாருங்கள்.

சேஃப் மோட் முந்தைய கோளில் வேலை செய்தது, இதிலும் செய்யும் என்று நம்புவது இன்னொரு தவறு. நாசாவின் லூயிஸ் செயற்கைக்கோள் 1997 ஆகஸ்ட் 23-ல் ஏவப்பட்டது. வேறொரு கோளின் வடிவமைப்பிலிருந்து வந்த அதன் சேஃப் மோட், லூயிஸ் எந்த அச்சில் நிலையாக நிற்காதோ அந்த அச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரவில் ஆள் இல்லாத நேரத்தில் சுழற்சி மாறி, தகடுகள் சூரியனை விட்டு விலகி, பேட்டரி தீர்ந்தது. செப்டம்பர் 28-ல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் இல்லாத நாளில் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

எரிபொருளையும் பாருங்கள். 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ, நோக்குநிலைக்கான எரிபொருள் தீர்ந்து அந்த செப்டம்பரிலேயே கைவிடப்பட்டது. அதனால் முதல் கட்டளை மிகச் சிறிதாக இருக்கட்டும். சக்கர வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, கோள் எதிர்பார்த்த பக்கம்தான் திரும்புகிறதா என்று பாருங்கள். பிளஸ், மைனஸ் குறி மாறிப்போன பிழை அங்கேயே பிடிபடும். இன்சாட்-3டி வகைக் கோள்களை, படக்கருவியின் குளிர்விப்பானில் வெயில் படாமல் இருக்க ஆண்டுக்கு இரண்டு முறை திருப்பி நிறுத்துகிறார்கள். ஒரு நிலையில் தேறியது மறுநிலையில் தேறும் என்று சொல்ல முடியாது. இரண்டிலும் சோதிக்க வேண்டும்.

கடைசியாக, நாள். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் நடு வரை, மறுபடி ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடு வரை, கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போகும். அதிகபட்சம் 72 நிமிடம். அப்போது சூரிய சென்சருக்கு எதுவும் தெரியாது. அது முடிவதற்குள் வங்கக் கடலில் புயல் காலம் வந்துவிடும். தாழ்வு மண்டலம் உருவானால் சோதனையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை வானிலைத் துறையோடு பேசி, முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.