பில்ட் உடைந்ததும் செய்யக் கூடாதவை

லினக்ஸுக்குப் புதிதாக வந்த இரண்டு பேருக்கு இந்த மாதம் உதவ உட்கார்ந்தேன். பில்ட், அதாவது சோர்ஸ் கோடிலிருந்து புரோகிராமைக் கட்டும் வேலை, உடைந்ததும் பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்ததையே இருவரும் அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தார்கள். எழுத்துப் பிழை, டிஸ்க் நிரம்பியது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அதை விடுங்கள்.

கடைசி வரியைப் படிப்பது

முடிவில் மேக் (make, பில்ட்டை ஓட்டும் கருவி) சொல்லும் "எரர் 2" வெறும் ஒப்பாரி, சாவு மேலே எங்கேயோ நடந்திருக்கிறது. -ஜே1 (ஒரு நேரத்தில் ஒரே வேலை) போட்டு மறுபடி ஓட்டி, முதல் எரரைத் தேடுங்கள்.

சூடோ மேக் இன்ஸ்டால்

கட்டியதை நிர்வாகி உரிமையோடு (சூடோ) நேரே சிஸ்டத்துக்குள் போடும் இந்தக் கட்டளையைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். அன்று உபுண்டுவில் ஒரு சின்ன புரோகிராமைக் கட்டும்போது "கர்ல்/கர்ல்.ஹெச் இல்லை" என்று நின்றது. இணையத்தில் தரவை அனுப்பி வாங்கும் கர்லின் லைப்ரரியான லிப்கர்ல் ஏற்கெனவே இருந்தது, அதை வைத்துக் கட்டத் தேவையான ஹெடர் ஃபைல்தான் இல்லை. அதற்கு லிப்கர்ல்4-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ் என்ற பேக்கேஜைப் போட்டிருந்தால் போதும் (ஃபெடோராவில் லிப்கர்ல்-டெவெல்). நான் அதை விட்டுவிட்டு கர்லின் சோர்ஸையே இறக்கிக் கட்டி, சூடோ மேக் இன்ஸ்டால் அடித்தேன். பில்ட் ஓடிவிட்டது, பெருமை வேறு.

கொஞ்ச நாள் கழித்து, கர்ல் என்று எதை அடித்தாலும் "நோ வெர்ஷன் இன்ஃபர்மேஷன் அவெய்லபிள்" என்று புலம்பல். உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டில் மூன்று தடவை கர்லை அழித்துப் போட்டேன், அசையவில்லை. எப்படி அசையும்? நான் கொட்டியதெல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் கிடக்கிறது, ஆப்ட் அந்தப் பக்கமே போகாது, ஆனால் லைப்ரரியைத் தேடும் லோடர் உபுண்டுவில் அங்கேதான் முதலில் போகும். பாதி ராத்திரி போன பிறகுதான் எந்த லைப்ரரி ஏறுகிறது என்று காட்டும் எல்டிடி /யூஎஸ்ஆர்/பின்/கர்ல் அடித்துப் பார்க்கத் தோன்றியது. சரி, மேக் அன்இன்ஸ்டால் செய்யலாம் என்றால் சோர்ஸ் ஃபோல்டரை இடத்தை அடைக்கிறது என்று எப்போதோ அழித்திருந்தேன். கடைசியில் லிப்கர்ல் ஃபைல்களைக் கையாலேயே நீக்கி, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டியதும் அடங்கியது.

ஹெடர் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று ஆப்ட்-ஃபைல் சொல்லும். சோர்ஸிலிருந்து போட்டே ஆக வேண்டுமா, --பிரிஃபிக்ஸ் (எங்கே போட வேண்டும் என்ற பாதை) கொடுத்து உங்கள் ஹோமுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், சூடோ வேண்டாம்.

"கில்ட்" என்று வந்தால்

பில்ட்டை சிஸ்டமே கொன்றுவிட்டது, பெரும்பாலும் ரேம் தீர்ந்திருக்கும். -ஜே எண்ணைக் குறையுங்கள்.

பழைய சிமேக் கேஷ்

பில்ட்டைத் தயார் செய்யும் சிமேக், கண்டுபிடித்த பாதைகளை பில்ட் ஃபோல்டரில் நினைவு வைத்துக்கொள்ளும். நீக்கிவிட்ட /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் பாதையையே பில்ட் மறுபடி கேட்டு அடம்பிடிக்கிறதா? பில்ட் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.